பல் கூச்சத்துக்கு எந்தப் பேஸ்ட்? நங்கநல்லூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 44 வயது, நங்கநல்லூரில் இருக்கிறேன். மேல்வரிசையில் இடது பக்கம் இரண்டு மூன்று பற்கள் ஒரு வருடத்துக்கு மேலாகக் கூசுகின்றன. பானைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை, ரோஸ் மில்க் பக்கமே போவதில்லை. பல் மருத்துவரிடம் காட்டினேன். சொத்தை இல்லை, கூச்சம்தான் என்று சொல்லி ஒரு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. வேறு கம்பெனி மாற்றினேன், அப்புறம் இன்னொன்று. இப்போது மூன்று டியூப் பாதி பாதியாகக் கிடக்கிறது. எது வீரியமானது? இரண்டைக் கலந்து போட்டால் நன்றாகக் கேட்குமா? என் கொழுந்தனார் "எல்லாம் விளம்பரம், உப்பை வைத்துத் தேயுங்கள் அண்ணி" என்கிறார். நான் காலையில் எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து தேன் விட்டுக் குடிப்பேன், வாக்கிங் போய் வந்துதான் பல் துலக்குவேன். நன்றாக அழுத்தித் தேய்ப்பேன், ஹார்ட் பிரஷ்தான் எனக்குச் சரிப்படும். கூச்சம் வந்ததிலிருந்து தயிரை நிறுத்திவிட்டேன். வீட்டில் எல்லோரும் இந்தப் பேஸ்டையே போடலாமா? மகனுக்குப் பத்து வயது.

பதில்: வணக்கம் சகோதரி. எந்தப் பேஸ்ட் வீரியமானது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கேள்வி இல்லை, போகிற போக்கில் எழுதிய இரண்டு வரி: வெறும் வயிற்றில் எலுமிச்சை, கொஞ்ச நேரம் கழித்து ஹார்ட் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பது. நீங்கள் வாங்கிய மூன்றில் எதுவுமே போலி என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றையாவது ஒழுங்காக வேலை செய்ய விட்டிருந்தால் உங்களுக்கு இந்நேரம் பாதிக் கூச்சமாவது குறைந்திருக்கும். இப்போது நடப்பது கோலம் போட்டுவிட்டு அதன்மேலேயே வாசல் தெளிக்கிற கதை.

ஏன் கூசுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் பேஸ்டை எப்படிப் போட வேண்டும் என்பது தானாகப் புரியும். பல்லுக்கு மேலே எனாமல், உள்ளே டெண்டின், அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற கூழ். எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. டெண்டின் அப்படியில்லை, அது முழுக்க நுண்குழாய்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் பல்லாயிரம் குழாய்கள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம், உள்ளே திரவம். எனாமல் தேய்ந்தோ, ஈறு கீழே இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிந்தோ இந்தக் குழாய்களின் வாய் திறந்துகொண்டால், குளிர்ந்த தண்ணீர் படும்போது உள்ளே இருக்கிற திரவம் சட்டென்று வெளிப்பக்கமாக நகரும், அந்த நகர்வு உள்ளே இருக்கிற நரம்பு நுனியை இழுக்கும், உங்களுக்குச் சுரீர் என்று ஏறும். 1960-களில் சுவீடனைச் சேர்ந்த பிரென்ஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர் இதை விளக்கினார், இன்றைக்கும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் ஏற்கிற விளக்கம் அதுதான். இனிப்பு பட்டாலும், வாயைத் திறந்து காற்றை இழுத்தாலும் கூசுவது இதே காரணத்தால்.

ஆக, கூச்சத்தை நிறுத்த இரண்டே வழி. ஒன்று நரம்பை மந்தப்படுத்த வேண்டும், இல்லையென்றால் குழாய் வாயை அடைக்க வேண்டும். கடையில் இருக்கிற எல்லா சென்சிட்டிவ் பேஸ்டும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் செய்கிறது. டியூப்பைத் திருப்பிப் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தால் எது எந்த ரகம் என்று தெரிந்துவிடும், முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பி வாங்காதீர்கள்.

பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் அது நரம்பை மந்தப்படுத்துகிற ரகம். பொட்டாசியம் மெல்ல மெல்ல குழாய் வழியே உள்ளே போய், நரம்பைச் சுற்றி அளவு கூடி, நரம்பு செய்தி அனுப்புவதைக் குறைக்க வேண்டும். இதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், அதுவும் தினம் இரண்டு வேளை போட்டால். பத்து நாளில் நிறுத்தினால் என்ன தெரியும்? போடுவதை நிறுத்தினால் பலனும் போய்விடும், இதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ரகத்துக்கு இருக்கிற ஆதாரம் அப்படியொன்றும் பலமானது இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2006-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொன்னது. எனவே உங்கள் கொழுந்தனார் முழுக்கத் தப்பாகப் பேசவில்லை. கூச்சம் சம்பந்தமான ஆய்வுகளில் சாதாரணப் பேஸ்ட் கொடுத்தவர்களுக்கும் ஓரளவு குறைந்துவிடுகிறது என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் "எல்லாம் விளம்பரம்" என்பது அடைக்கிற ரகத்துக்குப் பொருந்தாது, உப்பை வைத்துத் தேய்க்கச் சொல்வது அதைவிட மோசம். (பொட்டாசியம் நைட்ரேட் என்றால் வெடியுப்புதானே என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கித் தேய்க்கிற ஆட்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.)

அடைக்கிற ரகத்தில் பழையது ஸ்ட்ரான்சியம். 1961-ல் அமெரிக்காவில் சென்சோடைன் முதலில் வந்தபோது அதில் இருந்தது ஸ்ட்ரான்சியம் குளோரைடுதான். அதற்கு ஒரு குறை, ஃபுளோரைடோடு அது ஒத்துப்போகாது, இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகி இரண்டுமே வீணாகும். நீங்கள் கேட்ட "கலந்து போடலாமா" என்பதற்கும் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பேஸ்டும் தன் சரக்கு டியூப்புக்குள் கெடாமல் இருக்கும்படி தனித்தனியாகச் சேர்த்துச் செய்தது, பிரஷ்ஷில் இரண்டையும் பிதுக்கினால் வீரியம் கூடாது, சில நேரம் குறையும்.

அடுத்தது ஸ்டானஸ் ஃபுளோரைடு, அதாவது தகரத்தின் ஃபுளோரைடு. குழாய் வாயில் படிந்து அடைக்கும், அமிலத்துக்குக் கொஞ்சம் தாங்கும், ஈறுக்கும் நல்லது. பழைய தயாரிப்புகளில் பல்லில் லேசான பழுப்புக் கறை படிவதாகப் புகார் இருந்தது, காபி நிறையக் குடிக்கிறவர்களுக்கு இப்போதும் கொஞ்சம் வரலாம், பல் மருத்துவரிடம் கிளீனிங் செய்தால் போய்விடும்.

ஆர்ஜினின் 8 சதவீதமும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்தது இன்னொன்று. ஆர்ஜினின் நம் எச்சிலிலேயே இருக்கிற ஒரு அமினோ அமிலம், அது கால்சியத்தைக் குழாய் வாய்க்கு இழுத்துக்கொண்டு போய் ஒட்டவைக்கிறது. இதை விரலில் எடுத்துக் கூசுகிற இடத்தில் ஒரு நிமிடம் தேய்த்தால் உடனடியாகவே ஓரளவு தெரியும்.

அப்புறம் நோவாமின், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் என்று டியூப்பில் இருக்கும். இது உண்மையில் ஒரு வகைக் கண்ணாடித்தூள். 1969-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் என்பவர் எலும்போடு ஒட்டிக்கொள்கிற கண்ணாடியைக் கண்டுபிடித்தார், அதன் வாரிசு இது. எச்சில் பட்டதும் கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறி, பல்லில் இருப்பதைப் போன்ற கனிமமாகக் குழாய்க்குள் படிகிறது. எச்சில் படுவதற்கு முன்பே டியூப்புக்குள் வேலையை ஆரம்பித்துவிடக் கூடாது என்பதற்காக இந்தப் பேஸ்டைத் தண்ணீர் சேர்க்காமல் செய்கிறார்கள். வாயில் வைத்ததும் கொழகொழவென்று சற்று விநோதமாக இருந்தால் அதுதான் காரணம், கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

இதில் எதை வாங்க வேண்டும்? உங்களிடம் இருக்கிற மூன்று டியூப்பையும் திருப்பிப் பாருங்கள். அடைக்கிற ரகத்தில் ஏதாவது ஒன்று இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே பொட்டாசியமாக இருந்தால் நோவாமினோ ஆர்ஜினினோ ஸ்டானஸோ ஒன்று வாங்கி, ஒரு மாதம் வேறெதையும் தொடாமல் இருங்கள். இந்த மூன்றில் எது உசத்தி என்று சண்டை போடுவது கம்பெனிக்காரர்களின் வேலை, உங்களுக்கு அது தேவையில்லை. ஃபுளோரைடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நம் நாட்டுச் சட்டப்படி டூத்பேஸ்டில் 1000 பி.பி.எம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வரைதான் இருக்கலாம், அந்த அளவை ஒட்டி இருப்பதை எடுப்பது நல்லது. வேர்ப்பகுதி வெளியே தெரிகிறவர்களுக்குச் சொத்தை அங்கேதான் சீக்கிரம் பிடிக்கும்.

இப்போது போடுகிற விதம். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். காலை ஒரு வேளை மட்டும் போட்டுவிட்டு, இரவு வாயைக் கொப்பளித்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள் என்றால் பேஸ்டுக்குக் கிடைக்கிற நல்ல நேரத்தை வீணடிக்கிறீர்கள். இரவில் எச்சில் குறைவாக ஊறும், சாப்பாடு கிடையாது, படிந்தது படிந்தபடி ஏழு மணி நேரம் கலையாமல் இருக்கும். எனவே இரவுதான் முக்கியம். பல்லைத் துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கைநிறையத் தண்ணீர் எடுத்து நாலு தடவை கொப்பளிக்காதீர்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள், வாய் கொப்பளிக்காமல் எப்படி என்று. அரை மடக்குத் தண்ணீரில் ஒரே ஒரு தடவை என்றாவது சமாதானம் செய்துகொள்ளுங்கள். பிறகு சுத்தமான விரல் நுனியில் மிளகு அளவு பேஸ்ட் எடுத்து, கூசுகிற அந்த இரண்டு மூன்று பற்களின் ஈறோரத்தில் ஒரு நிமிடம் மெதுவாகத் தடவி, அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். நுரை குறைவாக வருகிறதே என்று இன்னும் கொஞ்சம் பிதுக்கிக்கொள்வதும் வேண்டாம், நுரைக்கும் கூச்சம் குறைவதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்து எலுமிச்சை. பி.ஹெச். என்பது அமிலத்தை அளக்கிற எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம். வாயில் அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும், டெண்டின் அதற்கு முன்பே, 6.5-ஐ ஒட்டியே கரையும். எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2-க்கும் 3-க்கும் நடுவில். வெந்நீரில் கலந்தாலும் அமிலம் அமிலம்தான், தேன் அதைத் தணிக்காது. அதை ஒரு பெரிய டம்ளரில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தபடி உறிஞ்சிக் குடித்தால் இரவெல்லாம் பேஸ்ட் கட்டி வைத்த அடைப்பு காலை ஏழு மணிக்குக் கரைந்துபோகும். அதோடு விடவில்லை, மேற்பரப்பு இளகி இருக்கும்போது ஹார்ட் பிரஷ்ஷால் வேறு தேய்க்கிறீர்கள். உடம்பு இளைப்பதற்காகத்தான் குடிக்கிறீர்கள் என்றால் இளைக்க வைப்பது வாக்கிங்தான், எலுமிச்சை இல்லை, என் விருப்பம் அதை நிறுத்திவிடுங்கள் என்பது. முடியாது என்றால் எழுந்ததும் முதலில் பல் துலக்குங்கள், அப்புறம் அதைச் சாப்பாட்டோடு சேர்த்தோ, ஒரே மூச்சிலோ குடித்துவிட்டு வெறும் தண்ணீரால் வாயை அலசுங்கள், அலசிய உடனே பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள்.

இதே கணக்கு மெரினாவில் மிளகாய்த்தூள் தூவி விற்கிற மாங்காய்க் கீற்றுக்கும், எலுமிச்சை சோடாவுக்கும், கோலா வகைகளுக்கும், ஊறுகாயை நக்கிக்கொண்டே இருப்பதற்கும் பொருந்தும். சாப்பிடவே கூடாது என்று இல்லை. நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் வாயில் வைத்திருக்கிறோம் என்பதுதான் விஷயம். ரசம், புளிக்குழம்பு எல்லாம் சோற்றோடு உள்ளே போய்விடுகிறது, எச்சிலும் நிறைய ஊறுகிறது, அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. தயிரை நிறுத்தியதுதான் வேடிக்கை. தயிர் புளிப்பாக இருந்தாலும் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருப்பதால் பல்லைக் கரைக்காது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர் போன பிறகு தாராளமாகச் சாப்பிடுங்கள். எலுமிச்சையை வைத்துக்கொண்டு தயிரைத் துரத்தியிருக்கிறீர்கள்!

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அடிக்கடி உண்டு என்றால் வயிற்று அமிலம் மேலே ஏறிப் பற்களின் உட்பக்கத்தை அரித்துக்கொண்டிருக்கலாம், அதைப் பொது மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்யாமல் பேஸ்ட் மட்டும் போட்டுப் பலனில்லை.

பிரஷ் பற்றி. மேலே இடது பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வலது கைக்காரராகத்தான் இருக்க வேண்டும். வலது கையால் துலக்குகிறவர்களுக்கு அழுத்தம் அதிகம் விழுவது இடது பக்கத்துக் கோரைப்பல்லிலும் அதற்குப் பின்னால் இருக்கிற முன்கடைவாய்ப் பற்களிலும், ஈறோரத்தில் ஆப்பு வடிவத்தில் பள்ளம் விழுவது அங்கேதான். கண்ணாடியில் பாருங்கள், நகத்தால் மெல்ல வருடினால் ஒரு குழி தட்டுப்படும். உண்மையில் வெறும் பிரஷ் பல்லை அவ்வளவாகத் தேய்க்காது, பேஸ்டில் இருக்கிற சொரசொரப்புப் பொருள்தான் தேய்க்கிறது, பிரஷ் அதை ஓட்டுகிற கை. இந்தச் சொரசொரப்பை ஆர்.டி.ஏ. என்ற எண்ணால் அளப்பார்கள், உலகத் தரத்தில் உச்சவரம்பு 250. பல்லை வெளுக்க வைக்கிறேன் என்கிற பேஸ்டுகள் பெரும்பாலும் மேல்பக்கம் இருக்கும், கரித்தூள், உப்பு, செங்கல் பொடி வகையறாவுக்கு அளவே கிடையாது. சென்சிட்டிவ் பேஸ்டை இரவில் போட்டுவிட்டுக் காலையில் மகளின் வொயிட்டனிங் பேஸ்டை எடுக்கிறவர்களும் உண்டு, நீங்கள் அந்த ரகம் இல்லை என்று நம்புகிறேன்.

ஹார்ட் பிரஷ்தான் சரிப்படும் என்பது வெறும் பழக்கம். சாஃப்ட் வாங்குங்கள், முதல் வாரம் துலக்கின மாதிரியே இருக்காது, பிறகு பழகிவிடும். பிரஷ்ஷைக் கைமுஷ்டியில் பிடிக்காமல் பேனா பிடிப்பது போலப் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். ஈறோரத்தில் சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக, இரண்டு நிமிடம், கூசாத வலது பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

இவ்வளவையும் நான்கு வாரம் செய்து பாருங்கள். குறைந்தால் அப்படியே தொடருங்கள், கூச்சம் போய்விட்டது என்று பேஸ்டை உடனே மாற்றிவிடாதீர்கள். குறையவே இல்லை என்றால் மறுபடியும் பேஸ்ட் கடைக்குப் போகாமல் பல் மருத்துவரிடம் போங்கள், ஏனென்றால் கூச்சம் என்று நாம் சொல்வதெல்லாம் கூச்சம் இல்லை. குளிர்ந்தது பட்டு, எடுத்ததும் ஓரிரு நொடியில் அடங்கினால் அது கூச்சம். எடுத்த பிறகும் நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று தெறித்தால், சூடு பட்டு வலித்தால், ராத்திரியில் தானாகவே எழுப்பினால், அது உள்ளே கூழ் வீங்கியிருக்கிறது, ரூட் கெனால் வரை போகக்கூடிய விஷயம், பேஸ்ட் போட்டு நாளைக் கடத்தக் கூடாது. கடிக்கும்போதும் கடித்ததை விடும்போதும் ஒரே ஒரு பல்லில் மட்டும் மின்னல் மாதிரி வெட்டினால் அந்தப் பல்லில் கீறல் இருக்கலாம். காலையில் எழும்போது தாடை வலிக்கிறது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், தேய்மானத்துக்கு அது பெரிய காரணம்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள்? ஆப்புப் பள்ளம் ஆழமாக இருந்தால் பல் நிறத்திலேயே அடைத்துவிடுவார்கள், என்னைக் கேட்டால் உங்களுக்குக் கடைசியில் இது தேவைப்படலாம், பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் ஊசிகூட வேண்டியிருக்காது. பள்ளம் இல்லையென்றால் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், அதில் இருப்பது 22,600 பி.பி.எம், பேஸ்டில் இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல். ஈறு அதிகம் இறங்கியிருந்தால் ஈறு அறுவை சிகிச்சை. கிளீனிங் செய்தால் கூசும் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். காரை, அதாவது பல்லில் இறுகிப் படிந்த அழுக்கு, மூடியிருந்த வேர் திறந்துகொள்வதால் சில நாள் கூசுவது உண்மைதான், ஆனால் காரையை விட்டுவைத்தால் ஈறு இன்னும் இறங்கும். தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாது என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953-லிருந்து நடக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டால் எல்லாப் பிரிவும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

இன்னும் வீரியமாக ஏதாவது வருமா என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். இப்போதைய பேஸ்டுகளின் பலவீனம், அடைப்பு மேலோட்டமாகவே விழுவதும் அமிலம் பட்டால் கரைவதும்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் காந்தத்தால் நகர்த்தக்கூடிய நுண்துகள்களைக் குழாய்க்குள் ஆழமாகச் செலுத்தி உள்ளேயே அடைக்கிற முறையை முயன்று வருகிறார்கள், எலிகளில் சோதித்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மருந்துக் கடைக்கு வர நாளாகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் எல்லோரும் போடலாமா என்ற கேள்வி. பெரியவர்கள் போட்டால் கெடுதல் இல்லை, கூச்சமே இல்லாதவர்களுக்கு எதற்குக் கூடுதல் காசு என்பதுதான். மகனுக்கு வேண்டாம், பன்னிரண்டு வயதுக்குக் கீழே பல் மருத்துவர் சொல்லாமல் சென்சிட்டிவ் பேஸ்ட் போடக் கூடாது, சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும். அவனும் கூசுகிறது என்று சொன்னால் உங்கள் டியூப்பைக் கொடுக்காமல் வாயைத் திறந்து ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பல்லைப் பாருங்கள், மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக இருந்தால் அந்தப் பல்லின் எனாமலே சரியாக உருவாகவில்லை என்று பொருள், அடுத்த பரீட்சை லீவு வரை காத்திருக்காமல் குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.